‘-எல்எம்’ ஏன் எப்பவும் கடைசியில் நிற்கிறது?

சி மொழி பழக ஆரம்பிச்சவங்க பலரும் ஒரு இடத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். கீபோர்டிலிருந்து ஒரு எண்ணை வாங்கி, அதோட வர்க்கமூலத்தைக் கண்டுபிடிச்சுத் திரையில் காட்டுகிற பத்து வரி புரோகிராம். மேலே மேத்.ஹெச் சேர்த்தாச்சு. இலக்கணப் பிழை எதுவும் கிடையாது. உபுண்டு லினக்ஸில் உட்கார்ந்து இப்படி அடிக்கிறோம்:

ஜிசிசி -எல்எம் கணக்கு.சி

உடனே ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ என்று ஒரு பிழைச்செய்தி வரும். ‘ஸ்கொயர் ரூட்டா? அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே’ என்று அர்த்தம். புரோகிராமைத் திரும்பத் திரும்பப் படிச்சாலும் தப்பு கண்ணில் படாது, ஏன்னா அதில் தப்பே இல்லை. இப்போ அதே வார்த்தைகளை இடம் மட்டும் மாத்திப் போடுங்க:

ஜிசிசி கணக்கு.சி -எல்எம்

சத்தமில்லாமல் வேலை முடிஞ்சிடும்.

(கட்டளைகளையெல்லாம் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கேன். கம்ப்யூட்டரில் அடிச்சுப் பார்க்கிறவங்க அந்த ஒலிக்குரிய ஆங்கில எழுத்தைப் போட்டுக்கோங்க.)

வார்த்தை அதே வார்த்தை, எண்ணிக்கை அதே எண்ணிக்கை. வரிசை மாறினால் மட்டும் ஒன்று ஓடுது, ஒன்று ஓடலை. ஏன்? சி மொழிப் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. ‘லைப்ரரியைக் கடைசியில் போடு’ என்று ஒரு வரியில் முடிச்சிடுவாங்க. காரணம் தெரியணும்னா அரை நூற்றாண்டு பின்னாடி போகணும். வாங்க, போயிட்டு வருவோம்.

ஆர்குமென்ட் வரிசை என்றதும் சிலருக்கு வேறொரு ஞாபகம் வரலாம். நம்ம ஊர் காலேஜ் வைவாக்களில் கேட்பாங்களே, பிரிண்ட்எஃப் உள்ளே ஐ, ஐ பிளஸ் பிளஸ் ரெண்டும் போட்டு ‘அவுட்புட் என்ன?’ என்று. அது ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் ஆர்குமென்ட் பற்றிய தகராறு. இங்கே பேசப்போறது கம்பைலருக்கே நாம் கட்டளை வரியில் கொடுக்கும் ஆர்குமென்ட் பற்றி.

சட்டப் புத்தகம் என்ன சொல்லுது?

ஒண்ணுமே சொல்லலை. அதுதான் விசேஷம்.

1989-ல் அமெரிக்காவின் ஆன்சி அமைப்பு சி மொழிக்கு முதல் தரநிலையை வெளியிட்டது. மெயின் ஃபங்ஷனுக்கு ஆர்க்சி, ஆர்க்வி எப்படி வரணும், ஆர்க்வி வரிசையின் கடைசியில் நல் பாயிண்டர் இருக்கணும், நிரலின் பெயர் தெரியாத சூழலில் முதல் ஆர்குமென்ட் காலியாக இருக்கலாம் என்பது வரை அதில் உண்டு. ஆனால் அந்த மொழியைக் கம்பைல் பண்ணும் கம்பைலரை எப்படிக் கூப்பிடணும் என்று ஒரு வார்த்தை கிடையாது. மொழிக்கு இலக்கணம் எழுதினவங்க, வாசல்ல எப்படிக் கதவைத் தட்டணும் என்பதை அந்தந்த வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு விட்டுட்டாங்க. அதனால் ஒவ்வொரு கம்பைலரும் தனக்கென ஒரு வழக்கம் வச்சுக்கிச்சு.

24 கிலோபைட் குடித்தனம்

நியூ ஜெர்சியில் மர்ரே ஹில் என்னும் இடத்தில் பெல் லேப்ஸ். கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் நண்பர்களும் யூனிக்ஸை வளர்த்தெடுத்த இடம். அவர்களுக்குக் கிடைத்த முதல் பிடிபி-11 கம்ப்யூட்டரின் மொத்த மெமரி 24 கிலோபைட். அதில் 16 யூனிக்ஸுக்கு, மீதி 8 பயனர் புரோகிராமுக்கு. டிஸ்க் அரை மெகாபைட். இப்போ நம்ம போனில் எடுக்கும் ஒரே ஒரு ஃபோட்டோகூட அந்த டிஸ்கில் அடங்காது.

சி மொழி 1972 வாக்கில் அங்கேதான் உருவெடுத்தது. 1973-ல் யூனிக்ஸின் கெர்னலையே சி-யில் திருப்பி எழுதினாங்க. 1975-ல் ஆறாம் பதிப்பு யூனிக்ஸ் வெளியே பல்கலைக்கழகங்களுக்குப் போச்சு. அதற்குள் கொஞ்சம் பெரிய பிடிபி-11 இயந்திரங்கள் வந்துவிட்டாலும், அவற்றில் பலவற்றில் ஒரு புரோகிராம் ஒரு நேரத்தில் பார்க்கக்கூடிய முகவரி எல்லை 64 கிலோபைட்தான்.

இந்த இடத்தில் லிங்க்கர் என்ற ஆளை அறிமுகப்படுத்தணும். நாம் ‘கம்பைலர்’ என்று கூப்பிடுவது உண்மையில் ஒரு மேஸ்திரி. சி கோப்பை மெஷின் மொழிக்கு மாத்த ஒரு ஆள், அப்படி மாறிய துண்டுகளை ஒட்ட இன்னொரு ஆள் என்று வேலையைப் பிரிச்சுக் கொடுப்பார். ஒட்டுகிற ஆள்தான் லிங்க்கர், யூனிக்ஸில் பெயர் எல்டி. நம்ம புரோகிராமில் ‘ஸ்கொயர் ரூட்’ என்று ஒரு பெயர் இருக்கும், ஆனால் அதன் உடம்பு கணித லைப்ரரியில் இருக்கும். ரெண்டையும் சேர்த்து வைப்பது இவர் பொறுப்பு.

ஆறாம் பதிப்பின் கையேட்டிலேயே எல்டி பற்றிய பக்கத்தில் விதி தெளிவாக இருக்கு. லைப்ரரியை, கட்டளை வரியில் அதன் பெயர் வரும் இடத்தில், ஒரே ஒரு முறை தேடுவேன். ஆகவே ‘-எல்’ எங்கே நிற்கிறது என்பது முக்கியம். சொல்ல வந்தது அவ்வளவுதான்.

சந்தையில் ஒரே நடை

ஒரு வாரச் சந்தையை நினைச்சுக்கோங்க. நீளமான ஒரே தெரு, ரெண்டு பக்கமும் கடை. ஒருத்தர் கையில் சீட்டோடு இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை நடக்கிறார். திரும்பி வரக்கூடாது. வழியில் சமையல்காரர்களும் நிற்பாங்க, ஆளாளுக்கு ‘இது வேணும், அது வேணும்’ என்று சீட்டில் எழுதுவாங்க. கடை வந்தால், சீட்டில் இருக்கும் சாமான் அங்கே இருக்கா என்று பார்த்து வாங்கிக்கணும். சீட்டில் இல்லாததை வாங்கக்கூடாது, பை சின்னது.

இப்போ தேங்காய்க் கடை முதல்ல வருது. சீட்டு காலி. தாண்டிப் போயிடறார். அடுத்து சமையல்காரர் ‘ரெண்டு தேங்காய்’ என்று எழுதறார். தெரு முடிஞ்சிடுச்சு. தேங்காய் இல்லை. அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்.

நம்ம சி கோப்புதான் சமையல்காரர், -எல்எம்தான் தேங்காய்க் கடை, நடக்கிறவர் லிங்க்கர். முதல் கட்டளையில் கடை முதலில் வந்தது, ரெண்டாவதில் சமையல்காரர் முதலில் வந்தார். மர்மம் இவ்வளவுதான்.

‘ஏன் திரும்பி வரக்கூடாது? ஒவ்வொரு கடையிலும் என்ன இருக்குன்னு மனசுல வச்சுக்கக்கூடாதா?’ என்று கேட்கலாம். வச்சுக்க மனசில் இடம் இல்லை. எல்லா லைப்ரரியின் எல்லாப் பெயரையும் மெமரியில் வைக்க அந்த மெஷினுக்கு வசதி கிடையாது. மறுபடி டிஸ்கிலிருந்து படிக்கலாம்னா டிஸ்க் மெதுவு. ஆகவே மெஷின் ஞாபகம் வச்சுக்க வேண்டியதை மனுஷன் ஞாபகம் வச்சுக்கிட்டான். எது எதை நம்பியிருக்கு என்று யோசிச்சு, நம்புகிறவரை முன்னாடியும் நம்பப்படுகிறவரைப் பின்னாடியும் நிறுத்தினான். இந்தக் கதை முழுக்க இந்த ஒரே கேள்வியைத்தான் பார்க்கப் போகிறோம்: ஞாபகச் சுமை யார் தலையில்?

கடைக்குள்ளேயும் வரிசை

கொடுமை என்னன்னா, ஆரம்பத்தில் லைப்ரரிகளுக்கு இடையில் மட்டுமல்ல, ஒரே லைப்ரரிக்கு உள்ளேயும் வரிசை முக்கியமா இருந்தது. ஸ்கேன்எஃப் உள்ளுக்குள் ரீட் என்பதைக் கூப்பிடும் என்று வச்சுக்குவோம். லைப்ரரிக் கோப்பில் ரீட் முதலிலும் ஸ்கேன்எஃப் பின்னாலும் இருந்தால் போச்சு. ரீட் இருக்கும் இடத்தைத் தாண்டும்போது அது தேவை என்றே தெரியாது.

இதுக்காகவே ரெண்டு கருவிகள். லார்டர் என்ற ஷெல் ஸ்கிரிப்ட், எந்தக் கோப்பு எந்தக் கோப்பை நம்பியிருக்கு என்று ஜோடி ஜோடியாகப் பட்டியல் போடும். டிசார்ட் என்ற புரோகிராம் அந்த ஜோடிகளை வாங்கி எல்லோருக்கும் பொருந்தும் ஒரு வரிசையைக் கண்டுபிடிக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பில் ‘டோபாலஜிக்கல் சார்ட்டிங்’ என்று பெரிய பெயரோடு வருமே, அதேதான். டிசார்ட் இன்னிக்கும் எந்த லினக்ஸ் கம்ப்யூட்டரிலும் இருக்கு, அடிச்சுப் பாருங்க. அது பிறந்ததே இந்த லிங்க்கர் பஞ்சாயத்தைத் தீர்க்கத்தான்.

1979-ல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ரான்லிப் என்ற கருவி வந்தது. லைப்ரரியின் தலைமாட்டில் ஒரு பொருளடக்கம் எழுதி வைக்கும். கடை வாசலிலேயே ‘இங்கே என்னென்ன கிடைக்கும்’ என்று போர்டு மாட்டின மாதிரி. அதன்பிறகு ஒரே கடைக்குள் முன்னும் பின்னும் போய் வாங்க முடிந்தது. லைப்ரரியின் உள்வரிசைப் பிரச்சினை அதோடு ஒழிந்தது.

ஆனால் கடைக்கும் கடைக்கும் இடையிலான வரிசை அப்படியே நின்னுடுச்சு. பிறகு மெமரி மலிவானதும் அதையும் எடுத்துவிட்டிருக்கலாமே? முடியலை. ஏன்னா அதுக்குள்ள ஜனங்க அந்த விதியை நம்பி வாழ ஆரம்பிச்சிட்டாங்க. ஸ்டாண்டர்டு லைப்ரரியில் இருக்கும் மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன் பிடிக்கலைன்னா, அதே பெயரில் சொந்தமாக எழுதி, தன் லைப்ரரியை முன்னால் நிறுத்தினால் போதும். முதலில் கிடைத்ததை லிங்க்கர் எடுத்துக்கும், ஸ்டாண்டர்டு சரக்கைத் தொடாது. பஞ்சத்தில் பிறந்த விதி, ஒரு வசதியாகவும் உரிமையாகவும் மாறிடுச்சு. அதில் கைவைத்தால் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் கோவிச்சுக்கும்.

இன்னொரு கட்சி: ஆப்ஷன் எங்கே வரணும்?

இதே காலத்தில் வேறொரு வரிசைத் தகராறும் நடந்தது. யூனிக்ஸ் கட்டளைகளை ஆளாளுக்கு எழுதினதால் ஆப்ஷன் கொடுக்கும் முறையும் ஆளுக்கொரு தினுசு. இதை ஒழுங்குபடுத்த ஏடி அண்ட் டி நிறுவனம் கெட்ஆப்ட் என்ற ஃபங்ஷனை எழுதியது. 1985-ல் டல்லாஸில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் அதன் மூல நிரலை எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டாங்க. அதன் ஒழுங்கு சுலபமானது. ஆப்ஷன்கள் முதலில், கோப்புப் பெயர்கள் பிறகு. முதல் கோப்புப் பெயர் வந்ததும் ஆப்ஷன் கதை முடிஞ்சது.

ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனூ ஆட்கள் இதை ஏத்துக்கலை. கோப்புப் பெயரை அடிச்ச பிறகு ஆப்ஷன் ஞாபகம் வந்தால் என்ன செய்வது? அவங்க எழுதின கெட்ஆப்ட், ஆர்க்வியை உள்ளுக்குள் கலைச்சுப்போட்டு ஆப்ஷன்களையெல்லாம் முன்னாடி கொண்டுவந்துடும். மனுஷன் எங்கே வேணா எழுதட்டும், மெஷின் அடுக்கிக்கட்டும் என்பது அவங்க கட்சி. பழைய ஒழுங்குதான் வேணும்னு அடம்பிடிக்கிறவங்களுக்காக ‘பாசிக்ஸ்லி கரெக்ட்’ என்று ஒரு சூழல் மாறி வச்சாங்க. அதுக்கு ஸ்டால்மன் முதலில் வச்ச பெயர் ‘பாசிக்ஸ் மீ ஹார்டர்’. தரநிலைக் குழு மேல் இருந்த கடுப்பு பெயரிலேயே தெரியும். அந்த ‘பாசிக்ஸ்’ என்ற பெயரையே குழுவுக்குச் சூட்டினவரும் அவர்தான் என்பது தனி வேடிக்கை :-)

1992-ல் பாசிக்ஸின் ரெண்டாம் பாகம், கட்டளைகளுக்கான தரநிலை, வெளியானது. ‘எல்லா ஆப்ஷனும் கோப்புப் பெயருக்கு முன்னால்’ என்று பொது விதி. அதே புத்தகத்தில் சி கம்பைலருக்கு சி89 என்ற பெயரில் ஒரு கட்டளை. அதுக்கு வந்தபோது குழு தன் விதியைத் தானே விலக்கிக்கொண்டது. கம்பைலருக்கு மட்டும் ஆப்ஷனும் கோப்பும் கலந்து வரலாம், -எல் எங்கே நிற்கிறது என்பது முக்கியம் என்று விதிவிலக்கு எழுதினாங்க. வேற வழி? -எல்எம்மைக் கோப்புக்கு முன்னாடி கொண்டுவந்தால் ஒரு புரோகிராமும் லிங்க் ஆகாதே. குனூ கெட்ஆப்ட் மாதிரி கலைச்சு அடுக்கினாலும் அதே கதிதான். ஆக, ஊரே ‘வரிசை முக்கியமில்லை’ என்று முன்னேறிய பிறகும் கம்பைலர் மட்டும் பழைய தெருவிலேயே குடியிருந்தது. சி89, 2001-ல் சி99 ஆனது, 2024-ல் சி17 ஆனது. விதிவிலக்கு மட்டும் கூடவே வருது.

இந்தத் தரநிலையில் ஒரு சுவாரசியமான முரண்பாடும் உண்டு. ‘-டி’ ஒரு மேக்ரோவை வரையறுக்கும், ‘-யு’ அதை அழிக்கும். ஒரே பெயருக்கு ரெண்டும் கொடுத்தால்? பாசிக்ஸ் சொல்வது: வரிசை எப்படி இருந்தாலும் அழிப்பதே ஜெயிக்கும். ஜிசிசி சொல்வது: வந்த வரிசைப்படி செய்வேன். முதலில் -யு, பிறகு -டி என்று எழுதினால் பாசிக்ஸ்படி அந்தப் பெயர் இல்லை, ஜிசிசிபடி இருக்கு.

டாஸ் பக்கம் ஒரு எட்டு

யூனிக்ஸ் மட்டும்தான் உலகமா? நம்ம ஊரில் பலர் சி பழகினது நீல ஸ்கிரீன் டர்போ சி-யில். கலிஃபோர்னியாவின் போர்லாண்ட் நிறுவனம் 1987-ல் வெளியிட்டது. வெளிநாட்டில் அது அருங்காட்சியகத்துக்குப் போன பிறகும் நம்ம காலேஜ் லேபுகளில் பல வருஷம் குடித்தனம் நடத்துச்சு.

நீல ஸ்கிரீனில் எஃப்9 தட்டினவங்களுக்கு வரிசைப் பிரச்சினை தெரிஞ்சிருக்காது. உள்ளே டிலிங்க் என்ற லிங்க்கர் இருந்தது. அதைக் கையால் கூப்பிட்டால்தான் கூத்து. அங்கே வரிசையைத் தீர்மானிப்பது கமா. முதல் கட்டத்தில் ஆப்ஜெக்ட் கோப்புகள், கமா, எக்ஸிகியூட்டபிள் பெயர், கமா, மேப் கோப்பு, கமா, லைப்ரரிகள். ஏதாவது வேண்டாம்னா கமாவை மட்டும் போட்டுட்டுப் போகணும். மைக்ரோசாஃப்டின் டாஸ் லிங்க்கருக்கும் இதே நாலு கட்டம்தான். லைப்ரரிகளுக்கென்று தனிக் கட்டம் இருந்ததால் -எல்எம்மை முன்னாடி போடும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வேற ரெண்டு நிபந்தனை. புரோகிராமைத் தொடங்கி வைக்கும் சிஜீரோ என்ற கோப்பு ஆப்ஜெக்ட் வரிசையில் முதலாக நிற்கணும். லைப்ரரிக் கட்டத்தில் மிதவைப்புள்ளிக் கணக்குக்கான இமு, பிறகு கணித லைப்ரரி, கடைசியில் சி லைப்ரரி. கடைசி ரெண்டின் பெயரும் மெமரி மாடலுக்கு ஏத்த மாதிரி மாறும்.

டாஸில் கட்டளை வரிக்கு ஒதுக்கின இடம் மொத்தம் 128 பைட். இவ்வளவு பெயரும் அதில் அடங்காது. அதனால் எல்லாத்தையும் ஒரு கோப்பில் எழுதி, கட்டளையில் அந்தக் கோப்பின் பெயருக்கு முன்னால் ‘அட்’ குறியைப் போடுவாங்க. யூனிக்ஸில் மெமரிப் பஞ்சம் வரிசையாக வெளிப்பட்டது, டாஸில் கமாவாகவும் அட் குறியாகவும் வெளிப்பட்டது.

இன்னொரு வித்தியாசம். யூனிக்ஸில் ‘ஸ்டார்.சி’ என்று அடித்தால் ஷெல் அதை விரிச்சு, கோப்புப் பெயர்களை அடுக்கி, ஆர்க்வியில் கொடுத்துவிடும். டாஸில் ஷெல் கைவிரிச்சிடும், அடிச்சது அப்படியே புரோகிராமுக்கு வரும். விரிக்கணும்னா போர்லாண்டில் வைல்டுஆர்க்ஸ் என்ற ஆப்ஜெக்ட் கோப்பையும், மைக்ரோசாஃப்டில் செட்ஆர்க்வி என்ற கோப்பையும் சேர்த்து லிங்க் பண்ணணும். நேரடியாகக் கொடுத்த கோப்பில் உள்ளதே லைப்ரரியில் உள்ளதை முந்தும். மர்ரே ஹில்லின் அதே பழைய உரிமைதான், இங்கே ஆர்க்வியை மாத்தி எழுதப் பயன்படுது.

மைக்ரோசாஃப்டின் சிஎல் கம்பைலர் பின்னாளில் எடுத்த நிலை யூனிக்ஸுக்கு நேர் எதிர். ஆப்ஷன் எங்கே வேணா வரலாம், எல்லாக் கோப்புக்கும் பொருந்தும், ரெண்டு ஆப்ஷன் மோதினால் வலது கடைசியில் இருப்பது ஜெயிக்கும். ஒரே ஒரு விதிவிலக்கு, லிங்க்கருக்கான ஆப்ஷன்களைத் தொடங்கும் ‘ஸ்லாஷ் லிங்க்’ கடைசியாக வரணும். சிஎல் என்ற சூழல் மாறியில் எழுதினது கட்டளைக்கு முன்னால் ஒட்டிக்கும். ரெண்டு பக்கமும் அடிக்கோடு போட்ட இன்னொரு சிஎல் மாறி பின்னால் ஒட்டிக்கும். முன்னால் இருப்பதை நாம் மீறலாம், பின்னால் இருப்பது நம்மை மீறும். வரிசையையே அதிகாரப் படிநிலையா மாத்தின கில்லாடித்தனம்.

அவங்க லிங்க்கர் லைப்ரரிகளைத் தேடும் விதம்தான் முக்கியம். ஒரு லைப்ரரியிலிருந்து எடுத்த துண்டுக்கு வேற ஏதாவது தேவைப்பட்டால், முதலில் அதே லைப்ரரி, பிறகு அடுத்தடுத்த லைப்ரரிகள், அதிலும் இல்லைன்னா வரியின் ஆரம்பத்துக்கே திரும்பி வந்து தேடும். சந்தைத் தெரு முடிஞ்சதும் மறுபடி முதல் வாசலுக்கு வர்ற ஆள். இவரிடம் வரிசை ‘யாருக்கு முன்னுரிமை’ என்பதை மட்டும்தான் தீர்மானிக்கும், ‘கிடைக்குமா கிடைக்காதா’ என்பதை அல்ல.

ஜிசிசி: பெரும்பாலும் பரவாயில்லை, ஆனால்...

ஸ்டால்மன் 1987-ல் வெளியிட்ட ஜிசிசிக்கு வருவோம். ஆப்ஷனையும் கோப்பையும் கலந்து எழுதலாம், பெரும்பாலும் வரிசை முக்கியமில்லை என்கிறது அதன் கையேடு. அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற வார்த்தைக்குப் பின்னால் ஒரு பெரிய குடும்பமே ஒளிஞ்சிருக்கு.

ஹெடர் தேடும் டைரக்டரிகள் எழுதிய வரிசைப்படி தேடப்படும். -ஓ2, -ஓ0 ரெண்டும் இருந்தால் கடைசியில் வந்தது ஜெயிக்கும். மொழியைச் சொல்லும் ‘-எக்ஸ்’ தனக்குப் பின்னால் வரும் கோப்புகளை மட்டும் பாதிக்கும். எழுத்துகளைச் சேர்த்தெழுதும் வழக்கமும் இங்கே செல்லாது. -டிவி என்பதும் -டி -வி என்பதும் வேற வேற.

எச்சரிக்கைகளில் இன்னும் நுணுக்கம். ‘பயன்படுத்தாத மாறி பற்றிச் சொல்லாதே’ என்று முதலில் போட்டு, பிறகு பொதுவான ‘-வால்’ போட்டால், ஜிசிசி குறிப்பானதைத்தான் மதிக்கும், வரிசையைப் பார்க்காது. கிளாங் கம்பைலரோ இடமிருந்து வலமாகப் போய், பின்னால் வந்த -வால் சொல்றதைக் கேட்கும். ஒரே மேக்ஃபைல், ரெண்டு கம்பைலர், ரெண்டு விதமான திட்டு.

லிங்க்கர் விஷயத்திலோ ஜிசிசியே அந்தப் பழைய விதிக்கு அடிமை. அதன் உள் உதவி லைப்ரரியான லிப்ஜிசிசியும் சி லைப்ரரியும் ஒன்றையொன்று நம்பியிருக்கும். எது முதலில்? ரெண்டுமே. நமக்குத் தெரியாமல் லிங்க்கருக்கு அது அனுப்பும் வரியில் லிப்ஜிசிசி, சி லைப்ரரி, மறுபடி லிப்ஜிசிசி என்று வரும். முழுக்க ஸ்டாட்டிக்காக லிங்க் செய்தால் ‘ஸ்டார்ட்-குரூப், எண்ட்-குரூப்’ என்று வேலி போட்டு அனுப்பும். இந்த வேலிக்குள் இருக்கும் கடைகளை மட்டும், புதுசா எதுவும் கிடைக்காத வரை சுத்திச் சுத்தி வா என்று அர்த்தம்.

2011-ல் எழுந்து வந்த பழைய விதி

இனிமேல்தான் முதலில் பார்த்த அந்த மாணவர் கதைக்குள் வருகிறார்.

ஷேர்டு லைப்ரரிகள் வந்தபிறகு கொஞ்ச காலம் லினக்ஸில் பலர் இந்த விதியை மறந்தே போனாங்க. ஷேர்டு லைப்ரரியிலிருந்து துண்டு எதையும் எடுத்துப் பையில் போடுவதில்லை, கடையின் விசிட்டிங் கார்டை மட்டும் வாங்கி வச்சுக்கிறோம். புரோகிராம் ஓடும்போது அந்தக் கடைக்குப் போய்க்கலாம். சீட்டு காலியா இருந்தாலும் கார்டு வாங்கத் தடையில்லை. அதனால் -எல்எம்மை முன்னாடி போட்டாலும் வேலை செஞ்சது. இணையத்தில் உதாரணங்கள், பாடக் குறிப்புகள், மேக்ஃபைல்கள் எல்லாம் அந்தத் தப்பான வரிசையில் எழுதப்பட்டன, யாருக்கும் தெரியலை.

பிரச்சினை என்னன்னா, தேவையில்லாத கார்டுகளும் பையில் சேர்ந்தன. புரோகிராம் தொடங்கும்போது சம்பந்தமில்லாத லைப்ரரிகளெல்லாம் ஏறும். ஒரு லைப்ரரி மாறினால் அதைப் பயன்படுத்தாத மென்பொருளையும் திரும்பக் கட்டணும். இதைக் குறைக்க, 2011 அக்டோபரில் வந்த உபுண்டு 11.10-ல் ‘ஆஸ்-நீடட்’ என்ற லிங்க்கர் ஆப்ஷனை இயல்பாகவே போட்டுவிட்டாங்க. சீட்டில் அந்த நேரத்தில் தேவை இருந்தால் மட்டும் கார்டு வாங்கு என்று அர்த்தம்.

நல்ல எண்ணம்தான். ஆனால் ‘அந்த நேரத்தில்’ என்ற வார்த்தை உள்ளே வந்ததும் பழைய விதியும் பின்னாடியே வந்துடுச்சு. அதுவரை ஓடின மேக்ஃபைல்கள் நின்னுபோச்சு. குனூ மேக்கில் ‘எல்டிஃபிளாக்ஸ்’ ஆப்ஜெக்ட் கோப்புகளுக்கு முன்னாலும், ‘எல்டிலிப்ஸ்’ அவற்றுக்குப் பின்னாலும் வரும். முன்னதில் -எல்எம் எழுதி வச்சிருந்தவங்களுக்கெல்லாம் உடைஞ்சது. ஒரு வரிகூட மாத்தாத புரோகிராம், புது வெர்ஷன் போட்டதும் ‘ஸ்கொயர் ரூட் யாரு?’ என்று கேட்டுச்சு.

மாணவர் பழைய உதாரணத்தைப் பார்த்து அப்படியே அடிக்கிறார், வரலை. தனக்கு சி வரலை என்று நினைச்சுக்கிறார். கணக்கு லைப்ரரி தனியா இருப்பதே லினக்ஸின் குனூ சி லைப்ரரி மாதிரியான இடங்களில்தான். மேக்கிலும் விண்டோஸ் விஷுவல் சி-யிலும் அது சி லைப்ரரியோடவே வந்துடும். மஸ்ல் என்ற சின்ன சி லைப்ரரியிலோ லிப்எம் என்று ஒரு காலிப் பெட்டி இருக்கும், யாராவது -எல்எம் போட்டால் திட்டாமல் இருக்க. 2021-ல் வந்த குனூ சி லைப்ரரி 2.34, த்ரெட் லைப்ரரியைத் தனக்குள் சேர்த்துக்கிச்சு. கணித லைப்ரரி மட்டும் இன்னும் தனிக்குடித்தனம்.

ஞாபகம் உள்ள லிங்க்கர்கள்

கடைசியில் மெஷின் ஞாபகம் வச்சுக்க ஆரம்பிச்சது. எல்எல்விஎம் திட்டத்தின் எல்எல்டி லிங்க்கர், தெருவில் நடக்கும்போதே ஒவ்வொரு கடையின் போர்டையும் படிச்சு மனசில் வச்சுக்கும். பின்னால் யாராவது தேங்காய் கேட்டால், தாண்டி வந்த கடையிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். எல்எல்டியை இப்போதைய வடிவுக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு உள்ள ரூயி உயேமா, 2021 டிசம்பரில் மோல்டு என்ற இன்னொரு லிங்க்கரின் 1.0 வெர்ஷனை வெளியிட்டார். கம்ப்யூட்டரின் எல்லா கோர்களையும் ஒரே நேரத்தில் வேலை வாங்கும் அதன் வேகம் பேசப்பட்டது.

அப்போ கதை முடிஞ்சதா? அதுதான் இல்லை. எல்எல்டியில் ‘வார்ன்-பேக்ரெஃப்ஸ்’ என்று ஒரு ஆப்ஷன் இருக்கு. தாண்டி வந்த கடைக்குத் திரும்பிப் போக நேர்ந்தால் எச்சரிக்கை கொடு என்று அர்த்தம். அவரால் திரும்பிப் போக முடியும், போயும் கொடுப்பார், ஆனால் ‘நீங்க எழுதின இந்த வரிசை குனூ லிங்க்கரில் ஓடாது, பார்த்துக்கோங்க’ என்று காதில் சொல்லுவார். ஞாபக சக்தி உள்ளவர், அது இல்லாதவரைப் போல நடிச்சுக் காட்டும் ஏற்பாடு.

இதை வெறும் பிற்போக்குத்தனம்னு ஒதுக்க எனக்கு மனசு வரலை. ஒரு விதியை நம்பி உலகம் பூரா மேக்ஃபைல் எழுதின பிறகு, அதை மதிப்பதும் ஒரு நாணயம்தான். அதே சமயம், விதிக்குக் காரணம் சொல்லாமல் விதியை மட்டும் கைமாத்திக் கொடுப்பதில் நியாயம் இல்லை. ‘லைப்ரரியைக் கடைசியில் போடு’ என்பதைச் சடங்காகச் சொன்னால், அது ஓடாத நாளில் பிள்ளைகள் தங்களைத்தான் சந்தேகப்படுவாங்க. ‘உனக்கு முன்னாடி ஒரு காலத்தில் 64 கிலோபைட் மெஷின் இருந்துச்சு, அதுக்குத் திரும்பிப் பார்க்க வசதியில்லை, அதன் பழக்கம் இது’ என்று ஒரு நிமிஷம் செலவழிச்சால், அந்தப் பிழைச்செய்தி திட்டாகத் தெரியாது, விளக்கமாகத் தெரியும்.

ஆகவே மக்களே, கேட்பவர் முன்னால், கொடுப்பவர் பின்னால். ரெண்டு லைப்ரரி ஒன்றையொன்று கேட்டால் முதலாவதை மறுபடி எழுதுங்க, இல்லைன்னா வேலி போடுங்க. மேக்ஃபைலில் -எல்எம்மை எல்டிலிப்ஸில் வையுங்க. பக்கத்து சீட்டில் யாராவது ‘ஸ்கொயர் ரூட்டைக் காணோம்’ என்று முழிச்சால், புரோகிராமைத் திறக்கச் சொல்லாதீங்க. முதல்ல கட்டளை வரியைக் காட்டச் சொல்லுங்க.